மட்டக்களப்பில் பிக் பாண்ட் ஜாஸ்: புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு

பாடசாலை பாண்டில் ஐந்தாறு வருசம் ட்ரம்பெட் ஊதியிருப்பார்கள், உயர்தரம் வந்ததும் கருவியைப் பாடசாலையிலேயே ஒப்படைத்திருப்பார்கள், அதோடு சரி. இப்படி எங்கள் ஊரில் எத்தனையோ பேர். தேவாலயத்தில் ஞாயிறு தவறாமல் கீபோர்ட் வாசிக்கிறவர்கள், கலியாண வீட்டில் பைலாவுக்கு ட்ரம்ஸ் அடிக்கிறவர்கள், வீட்டில் தாத்தாவின் சாக்ஸபோன் அலுமாரிக்கு மேலே கிடக்கிறவர்கள் எல்லாரும் இதற்குள் அடக்கம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் சில பேர் வாரம் ஒரு மாலை கல்லடிப் பக்கம் ஒரு மண்டபத்தில் கூடி பிக் பாண்ட் ஜாஸ் வாசிக்கிறோம். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முதல் மாதத்தில் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான், அதனால் பதில்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அது என்னவென்று பார்ப்போம். முழு பிக் பாண்ட் என்றால் வழக்கமாக 17 பேர்: 5 சாக்ஸபோன் (2 ஆல்டோ, 2 டெனர், 1 பாரிடோன்), 4 ட்ரம்பெட், 4 ட்ரொம்போன், அப்புறம் ரிதம் என்று சொல்கிற பியானோ, பேஸ், கிட்டார், ட்ரம்ஸ். 1930களில் இது நடனமாடுவதற்கான இசை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராகக் கூட்டிப்போக முடியாமல் பெரும்பாலான குழுக்கள் கலைந்தன. அதே காலத்தில்தான் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் ட்ரம்பெட் கலைஞர் டிசி கில்லெஸ்பியும் பீபாப் என்கிற புது வழியைத் திறந்தார்கள், கில்லெஸ்பி 1946இல் அதைப் பெரிய குழுவுக்கும் கொண்டுவந்தார். நவீன ஜாஸ் பிக் பாண்ட் என்று நாங்கள் சொல்வது அங்கிருந்து வருகிற பாதை: ஆடுவதற்கு அல்ல, உட்கார்ந்து கேட்பதற்கு, சுர அடுக்குகள் (கோர்ட்) செறிவாக இருக்கும், தனி ஆவர்த்தனம் (சோலோ) நீளமாகப் போகும்.

எனக்கு மிகப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. ட்ரம்பெட் கலைஞர் தாட் ஜோன்சும் ட்ரம்ஸ் கலைஞர் மெல் லூயிசும் 1966 பெப்ரவரியில் நியூயோர்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறைக் கிளப்பில் திங்கட்கிழமை இரவுகளில் வாசிக்கத் தொடங்கினார்கள். திங்கள் இரவென்றால் மற்ற இடங்களில் வேலை இருக்காது, நல்ல கலைஞர்கள் கிடைப்பார்கள், அவ்வளவுதான் காரணம். 1979இல் தாட் ஜோன்ஸ் டென்மார்க்குக்குப் போய்விட்டார், குழு நிற்கவில்லை. 1990இல் மெல் லூயிஸ் இறந்தார், அப்போதும் நிற்கவில்லை. வாசிக்கிறவர்களே எடுத்து நடத்தினார்கள், வான்கார்ட் ஜாஸ் ஓர்கெஸ்ட்ரா என்று பெயர் வைத்தார்கள், அதே கிளப்பில் அதே திங்கள் இரவு. ஒரு மரபைக் காப்பாற்றுவது என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு வாரமும் அதே கிழமை, அதே மணிக்கு நாற்காலியில் ஆள் இருப்பது. எங்கள் குழுவிலும் புதிதாக வருகிறவரிடம் கேட்பது இது ஒன்றுதான். திறமை மெல்ல வரும், வருகை முதல் நாளே வேண்டும்.

இந்த ஊரில் இதெல்லாம் ஒட்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விசயம். 1940களின் பிற்பகுதியிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் அந்தச் சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணப் பிரிவைச் சேர்ந்தவர்கள், அதாவது ஜாஸ் பிறந்த ஊரின் பெயர் நம் ஊருக்குப் புதிதல்ல. அவர்கள் ஜாஸ் கற்றுத்தந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கூடைப்பந்து கற்றுத்தந்தார்கள், அவர்களில் ஒருவரின் பெயரைத் தாங்கிய வெபர் மைதானம் அதற்குச் சாட்சியாக இருக்கிறது. ஆனால் பறங்கியர் வீடுகளின் கஃப்ரிஞ்ஞாவும் பைலாவும், கூத்தின் மத்தளமும், கோயில் நாதஸ்வரமும் ஒரே வாவியைச் சுற்றிக் கேட்கிற ஊர் இது. கேட்டுப் பழகிய காது இங்கே ஏற்கெனவே உண்டு. கொழும்புக்கு 1958இல் ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கும் 1963இல் டியூக் எலிங்டனின் குழுவும் வந்து வாசித்துப் போயிருக்கிறார்கள், நம் தீவுக்கும் இது அந்நியமில்லை.

சரி, தொடங்குவோம்.

முதல் மாதம்: கேட்பது

கருவியைத் தொட வேண்டாம் என்று சொல்லவில்லை, தொடுங்கள், ஆனால் தினமும் அரை மணி நேரம் கேளுங்கள். வரிசை இப்படி வைத்தால் நல்லது: முதலில் கவுண்ட் பேசியின் குழு, அடுத்து எலிங்டனின் குழு, அப்புறம் கில்லெஸ்பியின் 1940களின் குழு, மறுகா தாட் ஜோன்ஸ்–மெல் லூயிஸ். கடைசியாக தோஷிகோ அகியோஷியைக் கேளுங்கள். பியானோ வாசித்து, எழுதி, குழுவையும் நடத்திய ஜப்பானியப் பெண், தன் நாட்டு நோ நாடகத்தின் மேளத்தையும் குரலையும் பிக் பாண்டுக்குள் கொண்டுவந்தவர். அவரைக் கேட்கும்போதெல்லாம் நம் மத்தளத்தையும் ஒருநாள் இப்படி உள்ளே கொண்டுவர முடியும் என்று எனக்குத் தோன்றும்.

எப்படிக் கேட்பது என்பதுதான் முக்கியம். ஒரே பதிவை நான்கு தடவை போடுங்கள். முதல் தடவை பேஸை மட்டும் பின்தொடருங்கள், அது தட்டுக்கு ஒரு சுரமாக நடந்துகொண்டே போகும். இரண்டாம் தடவை ட்ரம்ஸ்காரரின் வலது கை, அதாவது அது தட்டிக்கொண்டே இருக்கிற ரைட் (ride) சிம்பல். மூன்றாம் தடவை மேலே ஒலிக்கிற, வரிசையை நடத்துகிற லீட் ட்ரம்பெட். நான்காம் தடவை அடியில் இருக்கிற கடைசி ட்ரொம்போன். இது கடினம், காது பிடிக்கும்வரை நாலைந்து நாள் எடுக்கும். போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது, இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

சுவிங்: இதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள்

பாடசாலை பாண்டில் இருந்து வருகிறவர்களுக்கு நொட்டேசன் வாசிக்கத் தெரியும், சத்தம் வரும், மூச்சு இருக்கும். ஆனால் அணிவகுப்பு மார்ச் வாசித்துப் பழகியதால் ஒரு தட்டில் இரண்டு சுரம் எழுதியிருந்தால் சரிபாதியாகப் பிரித்து வாசிப்பார்கள். ஜாஸில் தாளில் அப்படித்தான் எழுதியிருக்கும், வாசிப்பது அப்படி இல்லை. முதல் சுரம் நீளம், இரண்டாவது குட்டை, ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று.

நான் இதைத் தகிட வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கையால் நான்கு தட்டுத் தட்டுங்கள், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தகிட: தகிட தகிட தகிட தகிட. நன்றாக ஓடத் தொடங்கியதும் நடுவில் இருக்கிற 'கி'யைச் சொல்லாமல் விழுங்குங்கள், 'த' நீண்டு அந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளட்டும்: தாஅட தாஅட தாஅட தாஅட. இதுதான் சுவிங்கின் எலும்பு. கஃப்ரிஞ்ஞாவும் பைலாவும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சீக்கிரம் வரும், ஏனென்றால் அந்த 6/8 தாளத்திலும் தட்டு ஒவ்வொன்றும் மூன்றாகத்தான் உடைகிறது. வேகமான உருப்படிகளில் இந்த நீளம்–குட்டை வித்தியாசம் குறைந்து ஏறக்குறையச் சமமாகிவிடும், அதையும் காதால்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்தது தட்டு விழும் இடம். நாம் பாட்டுக்குக் கைதட்டும்போது நான்கு தட்டில் 1, 3இல் தட்டுவோம், ஜாஸில் 2, 4. ட்ரம்ஸ்காரரின் இடது கால் ஹை-ஹட்டை மூடுவதும் அங்கேதான். போனில் மெட்ரோனோம் செயலி ஒன்றை இறக்கி, நிமிடத்துக்கு 60 வைத்து, அந்தச் சத்தத்தை 2, 4 என்று நினைத்துக்கொண்டு 1, 3ஐ நீங்களே மனதில் போடுங்கள். முதல் இரண்டு நாள் தலை சுற்றும், ஒரு கிழமையில் பழகிவிடும். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டும் இதைச் செய்யலாம்.

மூன்றாவதாக, ஊதுகிறவர்களுக்கு நாக்கு. மார்ச்சில் எல்லாச் சுரத்தையும் நாக்கால் தட்டுவோம். இங்கே ஓடுகிற சுரங்களில் தட்டுக்கு நடுவில் வருகிற குட்டைச் சுரத்தில் நாக்கை லேசாக வைத்து, அங்கிருந்து அடுத்த தட்டின் மேல் வழுக்கிப் போங்கள். நீளமான சுரத்துக்கு 'டூ', தலையில் கூரைக்குறி போட்ட சுரத்துக்கு 'டாட்' என்று வாயால் பாடிவிட்டு அப்புறம் ஊதுங்கள். இது நமக்குத் தெரியாத முறை இல்லை. கூத்தில் அண்ணாவியார் தாளக்கட்டை வாயால் சொல்லிக்கொடுத்த பிறகுதானே கால் ஆடுகிறது. எங்கள் ஒத்திகையில் புது உருப்படி எடுத்தால் முதல் கால் மணி நேரம் யாரும் கருவியைத் தூக்க மாட்டோம், எல்லாரும் பாடுவோம். வெளியே நின்று கேட்கிறவர்களுக்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் பாட முடியாத இடத்தை ஊதவும் முடியாது.

கருவி

புதிதாக வாங்க அவசரப்படாதீர்கள். பழைய கருவி ஒன்றை யாராவது தெரிந்தவரைக் கூட்டிப்போய்ப் பார்த்து வாங்கினால் போதும். ட்ரம்பெட்டில் மூன்று வால்வும் தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா, சாக்ஸபோனில் எல்லாப் பேடும் ஓட்டையை முழுதாக மூடுகிறதா, ட்ரொம்போனில் ஸ்லைட் எங்கும் உரசாமல் ஓடுகிறதா, இவைதான் பார்க்க வேண்டியவை. நெளிவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், ஸ்லைடில் நெளிவு இருந்தால் மட்டும் வாங்காதீர்கள்.

நம் கடற்கரைக் காற்றில் உப்பு, நவம்பர் முதல் ஜனவரி வரை மழை ஈரம். வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டுத் துடைக்காமல் பெட்டியை மூடினால் பேட் வீங்கி ஒட்டிக்கொள்ளும். சாக்ஸபோன் வாயில் அதிர்கிற ரீட் தகட்டை மவுத்பீசிலேயே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும், கழற்றித் தட்டையாக வைத்துக் காயவிடுங்கள், மூன்று நான்கு ரீட் வைத்து மாற்றி மாற்றி வாசியுங்கள். தொடங்குகிறவர்களுக்கு 2 அல்லது 2½ எண் ரீட் போதும். நாதஸ்வரக்காரர் சீவாளிகளைக் கொத்தாகக் கட்டி வைத்திருப்பது இதே காரணத்துக்குத்தான். ட்ரம்பெட்டுக்கு வால்வு எண்ணெய் வாசிக்கும் நாளெல்லாம் வேண்டும். நான் ஆரம்பத்தில் எண்ணெய் தீர்ந்தபோது தேங்காய் எண்ணெய் விட்டேன், இரண்டு நாளில் வால்வுகள் பிசினாக இறுகி மூன்று கிழமை வாசிக்க முடியாமல் போனது, தயவுசெய்து செய்யாதீர்கள். மாதம் ஒருமுறை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவுங்கள், சுடுதண்ணீர் வேண்டாம். லாக்கர் பூசிய கருவியைக் குத்துவிளக்கு மினுக்குகிற பிராசோ போட்டுத் தேய்த்தால் பூச்சு உரிந்துவிடும்.

சுருதிக் கணக்கு

முதல் ஒத்திகையில் எல்லாரும் 'சி' வாசியுங்கள் என்றால் மூன்று வேறு சுரம் வரும். ட்ரம்பெட்டும் டெனர் சாக்ஸபோனும் பி ஃப்ளாட் கருவிகள், ஆல்டோவும் பாரிடோனும் ஈ ஃப்ளாட், ட்ரொம்போன், பியானோ, கிட்டார், பேஸ் ஆகியவை உள்ளதை உள்ளபடி. அதனால் பியானோவில் பி ஃப்ளாட் ஒலிக்க வேண்டுமானால் ட்ரம்பெட்டும் டெனரும் தங்கள் தாளில் சி வாசிக்கும், ஆல்டோவும் பாரிடோனும் ஜி வாசிக்கும். கர்நாடக இசை படித்தவர்களுக்கு இதில் பயமே வேண்டாம். சுருதி மாறினாலும் சட்சம் சட்சம்தானே, அதே சிந்தனைதான்.

முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது 12 பார் புளூஸ், ஒரு பார் என்றால் நான்கு தட்டு. பி ஃப்ளாட்டைச் சட்சமாக வைத்துக்கொண்டால் முதல் நான்கு பார் ச மேல் எழும் கோர்ட், அடுத்த இரண்டு பார் ம மேல், இரண்டு பார் ச, அப்புறம் ஒவ்வொரு பாராக ரி, ப, ச, ப. முடிந்ததும் மேலே போய் மறுபடி தொடங்கும். அதன் மேல் வாசிக்க ஆறு சுரம்: சட்சம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பிரதி மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். இரண்டு மத்யமமும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறதே என்று வயலின் படித்த தங்கச்சி ஒருவர் முகம் சுளித்தார், இப்போது அவர்தான் அந்த இடத்தை எல்லாரையும் விட அழகாக வாசிக்கிறார்.

கீபோர்ட்காரர்களுக்கு ஒரு சொல். தேவாலயத்தில் தனியாக நின்று முழுச் சபையையும் பாட வைத்துப் பழகியவர்கள் இரண்டு கையாலும் நிறையச் சுரம் பிடிப்பார்கள். இங்கே அடிச்சுரம் பேஸுக்குச் சொந்தம், அதை விடுங்கள். கோர்டின் மூன்றாவது சுரமும் ஏழாவது சுரமும் போதும். பி ஃப்ளாட் 7க்கு டியும் ஏ ஃப்ளாட்டும் பிடியுங்கள், இரண்டு விரலையும் அரைச் சுரம் கீழே நகர்த்தினால் ஈ ஃப்ளாட் 7 வந்துவிடும். பாதிப் புளூஸ் முடிந்தது!

ஒத்திகை

எங்கள் மண்டபத்துக்குத் தகரக் கூரை. ஊதத் தொடங்கினால் காதைப் பிளக்கும். பின்சுவரில் பன்பாய்களைத் தொங்கவிட்ட பிறகு எதிரொலி நன்றாகக் குறைந்தது. புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் முதல் செலவாக இதைச் செய்யலாம். சாக்ஸபோன் வரிசை முன்னால், ட்ரொம்போன் நடுவில், ட்ரம்பெட் பின்னால், ரிதம்காரர்கள் ஒரு பக்கம் நெருக்கமாக, பேஸ் ட்ரம்ஸுக்கு ஒட்டியபடி. லீட் வாசிக்கிற மூவரும் ஒருவருக்குப் பின் ஒருவராக வர வேண்டும், அப்போதுதான் லீட் ட்ரம்பெட் எங்கே மூச்சு விடுகிறது, எங்கே சுரத்தை வெட்டுகிறது என்பது முன்னால் போய்ச் சேரும். ட்ரம்பெட்டுக்கு முன்னால் உட்காருகிறவர்கள் காதுக்கு அடைப்பான் போடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

சார்ட், அதாவது அவரவர் பாகம் எழுதிய தாள், கையில் கொடுப்பதை நாங்கள் சட்டம் கொடுத்தல் என்றுதான் சொல்கிறோம், கூத்துக்காரரிடம் கடன் வாங்கிய சொல். பெரும்பாலும் உங்களுக்கு முதலில் வருவது மூன்றாவது அல்லது நான்காவது பாகம். அதை ஒதுக்குதலாக நினைக்காதீர்கள். அந்த அடுக்கின் நிறம் உள் பாகங்களில்தான் இருக்கிறது, நான்காவது ட்ரம்பெட் பயந்து மெதுவாக ஊதினால் மேலே லீட் தனியாகக் கத்துவது போலக் கேட்கும். சுருதி சரியாக, தெம்பாக ஊதுங்கள். எப்போது தொடங்குவது, எவ்வளவு நீளம், எப்போது நிறுத்துவது, இதை மட்டும் உங்கள் செக்சனின் லீடிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நாற்காலி கேட்கவில்லை என்றால் நீங்கள் சத்தமாக வாசிக்கிறீர்கள் என்று அர்த்தம். கிட்டார்காரர்கள் கவுண்ட் பேசியின் குழுவில் ஃப்ரெடி கிரீனைத் தேடிக் கேளுங்கள். 1937இல் சேர்ந்தவர், 1987இல் இறக்கும்வரை பேசியின் கிட்டார் என்றால் அவர்தான். தனி ஆவர்த்தனம் அரிது, தட்டுக்கு ஒரு மீட்டலாக நான்கு தட்டும் மெல்ல மீட்டிக்கொண்டே இருந்தார், அவர் இல்லாமல் அந்தக் குழுவின் ஓட்டம் இல்லை.

பாங்கு கேட்டால் நிறுத்துங்கள், முடிந்ததும் தொடருங்கள். பக்கத்துக் கோயிலில் திருவிழா என்றால் அந்தக் கிழமை பாடி மட்டும் பழகுங்கள். ஊரோடு ஒத்துப்போகிற குழுவுக்குத்தான் மண்டபம் நிலைக்கும்.

தனி ஆவர்த்தனம்

இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் பக்கம் கை நீளும். எழுந்து நில்லுங்கள். ஆறு சுரத்தையும் கொட்ட வேண்டாம், மூன்று சுரத்தில் ஒரு சின்ன வாக்கியம் சொல்லுங்கள், நிறுத்துங்கள், அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்லுங்கள். நாட்டார் கவியில் ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வது போல, கேள்வியும் பதிலும். நீங்கள் வாசிக்கும்போது பின்னால் சாக்ஸபோன்காரர்கள் எழுதாத ஒரு துணுக்கைப் பிடித்து மெல்லத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், அதற்கு ரிஃப் என்று பெயர். கான்சஸ் சிற்றியில் 1930களில் பேசியின் குழு இப்படித்தான் தாளே இல்லாமல் முழு உருப்படிகளைக் கட்டியது.

17 பேர் இல்லாவிட்டால்

அம்பாறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கமிருந்து கேட்கிறவர்கள் எல்லாரும் ஆள் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். எட்டுப் பேர் போதும்: ஒரு ட்ரம்பெட், ஆல்டோ, டெனர், ஒரு ட்ரொம்போன், ரிதம் நான்கு. ட்ரொம்போன் இல்லையா, பாடசாலை பாண்டில் யூஃபோனியம் வாசித்தவரைக் கூப்பிடுங்கள், பேஸ் கிளெஃப் தெரிந்தால் ட்ரொம்போன் பாகத்தை அப்படியே வாசிப்பார். டபுள் பேஸ் கிடைக்காது, எலக்ட்ரிக் பேஸ் போதும், ஒவ்வொரு சுரத்தையும் அடுத்தது வரும்வரை பிடித்து வைத்தால் சரி. பியானோ வேண்டாம், கீபோர்டில் பியானோச் சத்தத்தை மட்டும் வைத்து, தாளப்பெட்டியை அணைத்துவிடுங்கள். ஆறு மாதம் புளூஸும் இரண்டு மூன்று எளிய சார்ட்டும் வாசியுங்கள். ஆள் தானாக வரும், சத்தம் கேட்ட இடத்துக்கு ஊதத் தெரிந்தவன் வராமல் இருக்க மாட்டான்.

முதல் நாள் வரும்போது

பென்சில் கொண்டுவாருங்கள், பேனா வேண்டாம், மூச்சு விடும் இடம் அடிக்கடி மாறும். உடுப்புக் காயப்போடும் கிளிப் நான்கு, கல்லடிக் காற்று தாளைப் பறக்கடிக்கும். ஒரு போத்தல் தண்ணீர், துடைக்கத் துணி. கருவி இல்லாவிட்டாலும் வாருங்கள், ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுத் தருவோம், அந்த இரவு முழுக்க 2, 4இல் தட்டிக்கொண்டு கேளுங்கள். கல்முனைக்கும் அதற்கு அப்பாலும் போகிறவர்கள் கடைசி பஸ்ஸின் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், உங்கள் செக்சனின் உருப்படிகளை முதலில் எடுத்து, நேரத்துக்கு அனுப்பிவிடுகிறோம். போகும்போது உங்கள் பாகத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், அடுத்த கிழமை அதே நாற்காலி உங்களுக்கு.